காப்பி வந்தால் பேச்சு முடிந்தது

மகனே,

முதலில் என் கண்ணில் பட்டது மருந்துப் பையின் வார்தான். வெகுநாளாக அறுந்து தொங்கிக்கொண்டிருந்த வார். உன் தாத்தா அந்தப் பையைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் அடியில் கை கொடுத்துத்தான், கூலிக் குடும்பங்கள் குடியிருக்கிற லயம் லயமாகக் கொண்டுபோவார். இன்று காலை உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைப் பெருக்கும்போது பார்த்தேன், வார் தைக்கப்பட்டிருந்தது. காயம் தைக்கிற கறுப்பு நூலால் தைத்திருந்தார். அந்த நூல் இனி எங்கும் கிடைக்காது. ரப்பர் பால் வெட்டும் கத்தி பட்டுக் காலைக் கிழித்துக்கொண்டு வருகிறவனுக்குக்கூட, காயத்தின் வாய் அகலமில்லை என்றால், துணியால் கட்டி அனுப்பிவிடுகிறார். அப்படிப்பட்டவர் ஒரு பை வாருக்கு அதைச் செலவழித்திருக்கிறார் என்றால், அந்தப் பை தூரமாகப் போகப்போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

நீ இதைப் படிக்கும்போது வளர்ந்து ஆளாகியிருப்பாய். இன்றைய என்னைவிட வயதில் மூத்தவனாகக்கூட இருப்பாய். எனக்கு இன்னும் பதினெட்டு முடியவில்லை. மூத்தவனுக்கு இளையவள் புத்தி சொல்வதுபோல் இருப்பதால் எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் பேசுவதைவிட எழுதுவது எனக்குக் கொஞ்சம் எளிது. வாயைத் திறந்தால் பாதியில் நின்றுவிடும், பென்சில் நிற்பதில்லை. மருந்துப் புட்டியில் ஒட்டுகிற சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், அதனால் எழுத்து பொடியாக இருக்கும், பொறுத்துக்கொள். தாத்தா வீட்டில் இல்லை. மத்தியானம் அவரும் நானும் பேசிக்கொண்டிருந்தபோது, கீழ் லயத்தில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு என்று வந்து கூப்பிட்டார்கள், பாதியில் எழுந்து போயிருக்கிறார். வந்ததும் மிச்சத்தைப் பேச வேண்டும். நாளை மறுநாள், ஜப்பான்காரன் ரயில் ரோடு போடுகிற சயாமுக்கு ஆள் ஏற்ற லாரி வருகிறது. அதில் அவர் போவதா வேண்டாமா என்பதுதான் பேச்சு.

அவர் வருவதற்குள், நம் வீட்டில் புழங்கிய ஓர் இங்கிலீஷ் வாக்கியத்தைப் பற்றி உனக்குச் சொல்லிவிடுகிறேன். ஓடிப்போன வெள்ளைக்காரன் திரும்பி வருவானோ வரமாட்டானோ, இந்த வாக்கியம் எப்படியாவது உன்னிடம் வந்து சேரும். இரண்டு பேர் எவ்வளவு பேசியும் ஒத்துப்போகாதபோது சொல்வது. அக்ரீ டு டிஸக்ரீ. கேட்பதற்கு அழகாக இருக்கும். அதை எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

நாங்கள் இருப்பது காஹாங்கிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். உன் தாத்தா, அதாவது என் அப்பா, இங்கே டிரெஸர், காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிறவர். ஆஸ்பத்திரி என்று பெயர் கொண்ட இரண்டு அறையும் அதை ஒட்டின வீடும்தான் எங்கள் இடம். நான் நாலாம் வகுப்பில் இருக்கும்போது என் அம்மா பிரசவத்தில் இறந்துபோனார். பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது, அடுப்பு என் கைக்கு வந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் நான் அடுப்படிச் சாக்குத் திரைக்குப் பின்னால்தான் இருப்பேன். பேர் கேட்டால்கூடத் திரைக்குள்ளிருந்துதான் பதில் வரும். சில நாள் அதுவும் வராது. அப்பா இல்லாத நேரத்தில் மருந்து கேட்டு வருகிறவர்கள், யாருமில்லை என்று நினைத்துத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

உன் அப்பா தெப்ராவிலிருந்து இங்கே சின்னக் கிராணியாக வந்தவர். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர், கண்ணாடி போட்டவர். காலையில் பெரட்டுக்களத்தில் நின்று வேலைக்கு வந்தவர்களின் பேரைக் கூப்பிட்டு எழுதுவது அவர் வேலை. சாயங்காலமானால் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிடுவார். தாத்தா நாற்காலியில், உன் அப்பா எதிரே, மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மருந்துப் பெட்டி ஒன்றின் மேல். கொய்னா தீர்ந்துபோய் வெறும் பெட்டிதான் மிச்சம். இரண்டு பேரும் வாதாடுவார்கள். எதைப் பற்றி என்றில்லை. காய்ச்சலுக்குப் பப்பாளி இலை நல்லதா வேப்பிலை நல்லதா, பூனை சினையாக இருக்கிறதா தின்று கொழுத்திருக்கிறதா, வெள்ளைக்காரன் கப்பலில் வருவானா ஆகாயத்தில் வருவானா, எல்லாமே அவர்களுக்கு வாதம்தான்.

சண்டை முற்றி, இனி ஒருவரையொருவர் நகர்த்த முடியாது என்று தெரிந்ததும், யாராவது ஒருவர் அந்த வாக்கியத்தைச் சொல்வார். இங்கிலீஷ் பேசுவது ஜப்பான்காரன் காதில் விழக் கூடாது என்பதால் அதை மட்டும் குரலைத் தணித்துச் சொல்வார்கள், மாதா கோயிலில் செபம் சொல்வதுபோல. அதற்கு அவர்களுக்குள் ஒரு முறை இருந்தது. சொன்னவர் ஜெயித்தவர் இல்லை, கேட்டவர் தோற்றவரும் இல்லை. ஆனால் ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர் வாயிலிருக்கிற வார்த்தையை விழுங்கிவிட வேண்டும். உடனே உள்ளேயிருந்து காப்பி வர வேண்டும். காப்பி வந்துவிட்டால் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது. காப்பி என்றால் மரவள்ளிச் சீவலை வறுத்து இடித்த தூள்தான், கறுப்பாகவும் கசப்பாகவும் இருப்பதால் அந்தப் பேர். அந்த வாக்கியம் காதில் விழுந்ததுமே என் கை தானாகக் கோப்பைகளை எடுத்துவிடும்.

பக்கத்து லயத்து அஞ்சலை அக்கா ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு அடுப்படிப் பக்கமாக வந்து என்னிடம், "என்ன புள்ள, உங்க வீட்டுல முதல்ல கத்துறாங்க, அப்புறம் காப்பி குடிக்கிறாங்க. எங்க வீட்டுல காப்பியக் குடிச்சிட்டுத் தெம்பாதான் கத்துவோம்" என்றார். திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சத்தம் வராமல்.

அந்த வாக்கியம் நல்லபடியாக உதவியதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அரிசி நின்றுபோய் எல்லோரும் மரவள்ளி நட்ட சமயம். குச்சியைச் சாய்த்து நடுவதா நேராக நடுவதா என்று பேச்சு வந்தது.

"சாய்ச்சு நட்டா கிழங்கு ஒரே பக்கமா இறங்கும் டிரெஸரய்யா. தோண்ட லேசு."

"நீ தெப்ராவுல மரவள்ளியத் தட்டுல பாத்தவன் தம்பி. மண்ணுல பாத்திருக்கியா?"

"நீங்க அது வயித்துக்குள்ள போயி வலி எடுத்தப்புறம் பாக்குறவரு. அதுக்கு முன்னாடி நீங்க பாத்திருக்கீங்களா?"

அன்று தாத்தாதான் அந்த வாக்கியத்தைச் சொன்னார். மறுநாள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வரிசை நேராக, ஒரு வரிசை சாய்வாக நட்டார்கள். மாசக்கணக்கில் தோண்டித் தின்றோம், இரண்டு வரிசையும் ஒரே அளவுதான் கொடுத்தது. அதைப் பற்றியும் வாதாடினார்கள். மகனே, அந்த மாதிரி இடங்களில் தாராளமாகச் சொல். இன்றைக்குள் முடிவாக வேண்டியதில்லை, இரண்டு பேர் சொல்வதையும் செய்து பார்க்க நிலம் இருக்கிறது, யார் தோற்றாலும் இரண்டு பேருக்கும் கிழங்கு உண்டு. அங்கே அது உறவைக் காப்பாற்றும்.

எனக்கும் உன் அப்பாவுக்கும் கல்யாணம் நடந்தது ஒரு நம்பிக்கையால். கல்யாணமான பெண்ணை ஜப்பான்காரன் தொடமாட்டான், கல்யாணமான ஆணைச் சயாமுக்கு ரயில் ரோடு போடப் பிடித்துக்கொண்டு போகமாட்டான் என்று தோட்டம் முழுக்க நம்பியது. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. லயத்துக்கு லயம் அவசரக் கல்யாணம், ஒரே சேலை நாலு மணப்பெண்ணைச் சுற்றி வந்தது. உன் அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. "ஜப்பான்காரன் தாலியப் பாத்தா விடுவான்?" என்று தாத்தாவிடம் கேட்டார். தாத்தா, "விடுவான்னு நான் சொல்லல. விடமாட்டான்னு உனக்கும் தெரியாதுல்ல" என்றார். அதற்கும் அந்த வாக்கியம்தான், அதற்கும் காப்பிதான். கோப்பையை வாங்கும்போது அவர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, "உங்களுக்குச் சம்மதமா?" என்றார். நான் உள்ளே ஓடிவிட்டேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். சம்மதம்தான். குளுவாங்கிலிருந்து சாமியார் வர வழியில்லாததால் உபதேசியார் செபம் சொல்ல, மோதிரம் இல்லாமல், மஞ்சள் கயிற்றோடு கல்யாணம் முடிந்தது.

பிறகு ஒருநாள், கிழங்கு சீவிக்கொண்டிருக்கும்போது, அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று அவரிடம் கேட்டேன். அவ்வளவு காலம் அதற்குக் காப்பி கொடுத்தவள், அர்த்தம் கேட்கக் கூச்சப்பட்டிருந்தேன்.

"ஒத்துப்போகலங்கறத மட்டும் ஒத்துக்கறது. உன் நினைப்பு உனக்கு, என் நினைப்பு எனக்கு. ரெண்டும் நிக்கட்டும், சண்ட மட்டும் போகட்டும்."

"யாரு கண்டுபிடிச்சா?"

"உங்கப்பாதான் கொண்டாந்தாரு. பெரிய துரையும் சின்ன துரையும் மழையில பால் வெட்டுறதப் பத்திச் சண்ட போட்டுட்டு இதச் சொல்லிட்டு ஒன்னா உக்காந்து குடிப்பாங்களாம். அங்க கேட்டது."

"துரை கங்காணிகிட்ட சொல்லுவாரா?"

அவர் சீவுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "இல்ல. கங்காணிகிட்டயும் சொன்னதில்ல, கூலியாள்கிட்டயும் சொன்னதில்ல. இன்னொரு துரைகிட்ட மட்டுந்தான்."

"அப்ப ஜப்பான்காரன்கிட்ட நாம சொல்ல முடியாது."

"சொல்லிப் பாரு. கன்னம் பழுத்துரும் லா." பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஆனா நீ என்கிட்ட சொல்லலாம். நீ இதுவரைக்கும் எதுக்குமே மாட்டேன்னு சொன்னதில்ல. ஒரு தடவ சொல்லிப் பாரேன்" என்றார். நான் சிரித்துக்கொண்டு கிழங்கைக் கழுவப் போய்விட்டேன். பதில் சொல்லக் கிடைத்த நல்ல நாட்களையெல்லாம் நான் இப்படித்தான் கிழங்கு கழுவிக் கழித்தேன்.

நீ என் வயிற்றில் இருக்கிறாய் என்று அவருக்குத் தெரிந்த சில நாளில் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. சயாமுக்கு இந்தத் தோட்டத்திலிருந்து இன்னும் ஒரு லாரி ஆள் போக வேண்டும், கூடவே ஆள் கணக்கு எழுத ஒரு கிராணி. மூன்று மாதம்தான் என்றார்கள். அன்று சாயங்காலம் வாசலில் நடந்த பேச்சைத் திரைக்குப் பின்னால் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

தாத்தா சொன்னார்: "கால்ல புண்ணுன்னு சீட்டு எழுதிடுறேன் மாப்பிள்ள. துணியச் சுத்திக்கிட்டு நொண்டி நொண்டி நடங்க."

"எனக்குப் பதிலா யாரு போவா மாமா? வேற யாருக்கும் எழுதத் தெரியாது. கணக்கெழுத ஆள் இல்லன்னா அங்க அரிசி குடுத்தேன்னுவான், கூலி குடுத்தேன்னுவான். நம்ம ஆளுங்க கேக்க முடியுமா?"

"நீங்க எழுதி வச்சா மட்டும் குடுத்துருவானா?"

"எழுதி வச்சா கேக்கவாச்சும் ஒரு ஆளு இருக்கும்ல."

"இதுக்கு முன்னாடி போனவங்கள்ல ஒருத்தராச்சும் திரும்பி வந்தாங்களா? அதச் சொல்லுங்க முதல்ல."

"தூரம் மாமா. மூணு மாசமே இன்னும் ஆகல."

"ஆவட்டும், அப்புறம் பேசலாம். இப்ப சீட்டு எழுதுறேன்."

"வேணாம் மாமா."

தாத்தா எழுந்து நின்றது நிழலில் தெரிந்தது. அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. "உள்ள ஒரு புள்ள நிக்கிது. வயித்துல ஒன்னு இருக்கு. அரிசிக் கணக்குப் பாக்கப் போறேங்கிறீங்க. இந்தக் கணக்க யாரு பாப்பா?" இந்தக் கேள்விக்கு உன் அப்பாவிடம் பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் பேசினால் அவர் இறங்கிவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. நான் அவருடைய மனைவி, அவருடைய மௌனம் எனக்குத் தெரியும். அந்த மௌனத்திலிருந்துதான் அவர், குரலைத் தணித்து, அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"மாமா. அக்ரீ டு டிஸக்ரீ."

தாத்தாவின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது. அது அவர்கள் முறை. பூனைக்கும் மரவள்ளிக்கும் காப்பாற்றிய அதே முறையை அவர் இதற்கும் காப்பாற்றினார். அந்த நேரத்தில், மகனே, என் கை காப்பியை ஊற்றிக்கொண்டிருந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அந்த வார்த்தை விழுந்தது, கை ஊற்றியது. திரையை விலக்கி இரண்டு கோப்பைகளையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். காப்பி வந்துவிட்டதால் பேச்சு முடிந்தது. "சூடா இருக்கு" என்றார் தாத்தா. மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் லாரி நின்றது. உன் அப்பா, கூட வருகிறவர்களின் பேரை வழக்கம்போல் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு ஏற்றிவிட்டு, கடைசியில் தானும் ஏறினார்.

நான் கொஞ்சம் தாமதித்திருக்கலாம். அடுப்பு அணைந்துவிட்டது என்று இருந்திருக்கலாம். கோப்பையைக் கீழே போட்டிருக்கலாம். வாய் பேசத் தெரியாதவளுக்குக்கூட அன்று செய்ய எவ்வளவோ இருந்தது. அதை நினைக்காத நாளில்லை. உனக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் அதையேதான் நினைக்கிறேன்.

அதனால் உனக்குச் சொல்கிறேன். ஒருவர் சொல்வதுதான் நடக்கும், மற்றவர் சொல்வது நடக்காமலே போகும் என்றால், அங்கே அந்த வாக்கியத்துக்கு வேலை இல்லை. அது பேச்சை நிறுத்தும், லாரியை நிறுத்தாது. எதிரில் இருப்பவரிடம் பதில் இல்லாதபோது அதைச் சொல்லாதே, உன்னிடம் பதில் இல்லாதபோதும் சொல்லாதே. பதில் இல்லை என்று ஒத்துக்கொள்வது வேறு. சொல்வதற்கு முன் திரைக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார். நின்றால் கூப்பிட்டுக் கேள். அவர்கள் வர நேரமாகும், பேச இன்னும் நேரமாகும், காத்திரு.

உன் அப்பா போன பிறகு தாத்தா யாரோடும் வாதாடுவதில்லை. புண்ணுக்குச் சாணியைப் பூசப்போகிறேன் என்று அஞ்சலை அக்கா சொன்னால்கூட "சரிம்மா" என்கிறார். அக்காவே பயந்துபோய், "அலமாக், டிரெஸரய்யா திட்ட மாட்டேங்கிறாரே" என்று பூசாமல் விட்டுவிட்டார். உன் அப்பா உட்கார்ந்த அந்தப் பெட்டி அதே இடத்தில் கிடக்கிறது, யாரும் உட்காருவதில்லை.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர் சயாமில் ஒரு காம்பிலிருந்து, அதாவது கூலி முகாமிலிருந்து, வந்துசேர்ந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியும் புண். தாத்தா கட்டுப் போடும்போது அவர் சொன்னார்: "கண்ணாடி போட்ட கிராணி ஒருத்தரு இருந்தாரு. காய்ச்சலு. கண்ண மூடிக்கிட்டே பேர் கூப்பிட்டுக்கிட்டு இருப்பாரு, பெரட்டுல கூப்பிடுற மாதிரி. செத்தவங்க பேரும் வரும். நாங்க யாராச்சும் 'இருக்கேன்'னு சொல்லுவோம். அப்புறம் எங்கள வேற காம்புக்கு மாத்திட்டாங்க." தாத்தா கட்டை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து சுற்றினார். அதற்குப் பிறகுதான் அந்த வாரைத் தைத்திருக்கிறார்.

இன்று மத்தியானம், அவர் கிழங்கு சாப்பிட்டு வாசலில் உட்கார்ந்ததும், நான் அடுப்படியிலிருந்தே கேட்டேன்.

"அப்பா, பை வாரு தச்சிருக்கீங்க."

"ம்."

"நூலு இருந்துச்சா?"

"கொஞ்சம் மிச்சமிருந்துச்சு." பிறகு, "அங்க டிரெஸரே இல்லயாம்மா. ஆபீஸ்ல கேட்டாங்க. நான் போறேன்னுட்டேன்" என்றார்.

"உங்களுக்கே காய்ச்சல் வந்து வந்து போவுது."

"அதுக்கு மருந்து தெரிஞ்சவன்தான நான்."

"மருந்து எங்க இருக்கு?"

அவர் பையின் வாரை இழுத்துப் பார்த்தார். நான் திரைக்குள்ளிருந்தே, எனக்கு வந்த அளவு கேட்டேன். உன் அப்பா எந்தக் காம்பில் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. லயத்துப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் பார்க்க இங்கே வேறு ஆள் இல்லை. நானும் நீயும் மட்டும் இந்த வீட்டில் இருப்போம். ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு நிறுத்தி, மூச்சு வாங்கி, அடுத்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு நான் இன்னும் ஒரு வார்த்த பேசிருக்கணும்மா," என்றார் அவர். "பேசல. இப்ப போய்த்தான் அதப் பேசணும்."

"நீங்களும் திரும்பி வரலன்னா?"

தாத்தா வெகுநேரம் சும்மா இருந்தார். அந்த மௌனமும் எனக்குத் தெரியும். பிறகு, உன் அப்பா போனதிலிருந்து நான் கேட்காத அந்த வாக்கியத்தை, குரலைத் தணித்து, என்னிடம் சொன்னார். என்னிடம் யாரும் அதைச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு, காப்பிக்காகத் திரைப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என் கை அதற்குள் இரண்டு கோப்பைகளையும் எடுத்திருந்தது. ஒன்று அவருடையது, இன்னொன்று உன் அப்பாவுடையது. காப்பி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. நான் கோப்பைகளைக் கவிழ்த்து வைத்தேன். உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, திரையை விலக்கி வெளியே போய், உன் அப்பாவின் பெட்டியில், தாத்தாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன்.